ஹட்சன் ஆற்றின் இரு கரையும் ஒரு மடக்குக் கத்தியும்: நியூயார்க் வழக்குகள் நமக்குச் சொல்வது

நியூ ஜெர்சியில் வீடு, மன்ஹாட்டனில் வேலை, ஃபிலடெல்ஃபியாவில் சொந்தக்காரர்கள், பாஸ்டனில் படிக்கும் பிள்ளை. அமெரிக்காவின் வடகிழக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாரம் இப்படி மாநில எல்லைகளைத் தாண்டித் தாண்டித்தான் ஓடுகிறது. டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும், கல்யாணச் சான்றிதழும் செல்லும். பேன்ட் பாக்கெட்டில் கிடக்கும் மடக்குக் கத்திக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஒரு ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத அதே கத்திக்காக, அரை மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால் கையில் விலங்கு மாட்டியிருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நியூயார்க்கின் கிராவிட்டி கத்தி (புவியீர்ப்பாலோ உதறலாலோ அலகு வெளிவரும் வகை) வழக்குகளைவிட நல்ல பாடம் கிடையாது. 1958-இல் எழுதிய ஒரு வரையறை, 2010 முதல் 2019 வரை நீதிமன்றங்களிலும் சட்டமன்றத்திலும் நடந்த இழுபறி, கடைசியில் சட்டம் விழுந்த பிறகும் மிச்சம் இருக்கும் கண்ணிகள் எல்லாம் இதில் உண்டு. கத்தியை வைத்திருந்தவர்கள் ரவுடிகள் அல்லர். ஓர் ஓவியர், ஒரு கலைப்பொருள் வணிகர், ஒரு சமையல்காரர், ஒரு கட்டுமான வேலைக்காரர். அதனால்தான் இந்தக் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரையறையும் மணிக்கட்டும்

நியூயார்க் 1954-இல் பட்டன் கத்தியைத் தடை செய்தது. பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் அலகு பாய்ந்து வெளிவரும் கத்தி அது. தடைக்குப் பின் கிராவிட்டி கத்திகள் சந்தையில் அதிகம் புழங்க ஆரம்பித்தன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வைத்திருந்த வகை அது: ஒரு நெம்புகோலை அழுத்திக்கொண்டு கைப்பிடியைக் கீழ்நோக்கிப் பிடித்தால், அலகு தன் எடையாலேயே வழுக்கி வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். பாராசூட் கயிற்றில் சிக்கியவன் ஒரு கையால் கயிற்றை அறுக்கச் செய்தது. 1958-இல் அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். தண்டனைச் சட்டத்தின் 265.00(5) பிரிவு கிராவிட்டி கத்தியை இப்படி விளக்கியது: புவியீர்ப்பு விசையாலோ மையவிலக்கு விசையாலோ அலகு வெளிப்பட்டு, பொத்தான், ஸ்பிரிங், நெம்புகோல் அல்லது வேறு ஏதாவது ஒன்றால் பூட்டிக்கொள்ளும் கத்தி.

வினையெல்லாம் 'மையவிலக்கு விசை' என்ற சொல்லில் இருந்தது. சட்டம் எழுதியபோது கண்முன் இருந்தது பாராசூட் கத்தி. அரை நூற்றாண்டு கழித்து இரும்புக் கடைகளிலும் முகாம் பொருள் கடைகளிலும் விற்றது வேறு சரக்கு. இன்றைய சாதாரண மடக்குக் கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலகின் அடியில் கட்டைவிரல் வைத்துத் தள்ள ஒரு சிறு குமிழ் இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய தகடு. அலகு முழுதாக விரிந்ததும் அந்தத் தகடு பக்கவாட்டில் வந்து அலகின் பின்னால் நின்றுகொள்ளும். வெட்டும்போது அலகு மடங்கி விரலை நறுக்காமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. மூடிய நிலையில் அலகு தானாக விரியாமல் இருக்க ஒரு சின்ன எஃகு உருண்டை அதைப் பிடித்து வைத்திருக்கும். கீல் திருகை எவ்வளவு இறுக்கியிருக்கிறது, உருண்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து, கைப்பிடியைப் பிடித்து மணிக்கட்டை வெடுக்கென்று உதறினால் சில கத்திகளில் அலகு விரிந்து பூட்டிக்கொள்ளும், சிலவற்றில் அசையாது.

நியூயார்க் போலீசாரும் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகமும் இந்த உதறலையே சோதனையாக வைத்தார்கள். உதறித் திறந்தால் கிராவிட்டி கத்தி, குற்றம். திறக்காவிட்டால் சாதாரணக் கத்தி. யார் உதறுவது, எத்தனை தடவை உதறலாம், எவ்வளவு பலத்தோடு என்பதற்குச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வாங்கிய அன்று இறுக்கமாக இருந்த கத்தி இரண்டு வருட உபயோகத்தில் தளர்ந்தால், சொந்தக்காரருக்குத் தெரியாமலே அது தடை செய்த ஆயுதமாகிவிடும். ஒரு பொருள் குற்றமா இல்லையா என்பது அந்த நேரத்தில் எதிரே நிற்கும் போலீஸ்காரரின் மணிக்கட்டு வலுவில் தொங்குவது எனக்கு ஏற்கவே முடியாத நிலைமை. பத்து வருடம் அதுதான் நடந்தது.

தண்டனையும் லேசானதல்ல. சும்மா வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை போகக்கூடிய குற்றம். பழைய தண்டனை ஏதாவது இருந்தால் அதே கத்திக்கு ஏழாண்டு வரை போகும் பெருங்குற்றம்.

பிடிபட்டவர்கள்

2010 ஜூனில் மாவட்ட வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ் நகரின் பெயர்பெற்ற சில்லறைக் கடைகள் பலவற்றோடு உடன்பாடு செய்துகொண்டதாக அறிவித்தார். உதறினால் திறக்கும் கத்திகளை விற்றதற்காகக் கடைகள் சுமார் 19 லட்சம் டாலர் கட்டின, விற்பனையையும் நிறுத்த ஒப்புக்கொண்டன. கடைக்காரர் யாரும் சிறைக்குப் போகவில்லை. அந்தக் கடைகளில் ரசீதோடு கத்தி வாங்கியவர்களின் நிலைமைதான் வேறு.

முதலாமவர் புரூக்ளின் ஓவியர். கேன்வாஸ் அறுக்க 2009-இல் மன்ஹாட்டன் கடை ஒன்றில் மடக்குக் கத்தி வாங்கினார். வாங்கியதோடு விடவில்லை. இரண்டு போலீஸ்காரர்களிடம் காட்டி இது சட்டப்படி சரியா என்று கேட்டார். அவர்கள் உதறிப் பார்த்தார்கள், திறக்கவில்லை, சரி என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு குடிமகன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அடுத்த வருடம் தெருவில் போகும்போது பாக்கெட் விளிம்பில் தெரிந்த உலோகக் கிளிப்பைப் பார்த்து வேறு இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். அவர்கள் உதறியபோது திறந்துகொண்டது. வழக்கு.

இரண்டாமவர் கலைப்பொருள் வணிகர். 2010 ஏப்ரலில் சப்வே நிலையத்தில் நிறுத்தினார்கள். போலீசார் உதறிப் பார்த்தும் கத்தி திறக்கவே இல்லை. ஆனாலும், வேறு யாராவது உதறினால் திறக்கக்கூடும் என்ற அடிப்படையில் குற்றம் சாட்டினார்கள்.

மூன்றாமவர் ஓர் உணவகத்தின் உதவித் தலைமைச் சமையல்காரர். 2013-இல் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில், அதே மாதிரி கிளிப் கண்ணில் பட்டுத்தான் பிடித்தார்கள். நான்கைந்து முறை உதறிய பிறகே போலீஸ்காரரால் கத்தியைத் திறக்க முடிந்தது.

நான்காவது வழக்கு 2016-இல் மாநிலத்தின் உச்ச மன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் வரை போனது. கார் ஓட்டிவந்தவரை நிறுத்தினார்கள். பாக்கெட்டில் கத்தி இருப்பதை அவரே போலீசாரிடம் சொன்னார். கட்டுமானப் பொருள் கடையில் வாங்கியது, டைல்ஸ் வேலைக்கும் சுவர்ப் பலகை வேலைக்கும் வைத்திருக்கிறேன் என்றார். அது உதறினால் திறக்கும் வகை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. தெரிந்திருக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். கையில் இருப்பது கத்தி என்று தெரிந்தால் போதும், அது கிராவிட்டி கத்தியின் இலக்கணத்துக்குள் வருகிறது என்று தெரிய வேண்டியதில்லை. பழைய தண்டனை இருந்ததால் அவருடையது பெருங்குற்றமாகவே நின்றது.

இந்தச் சட்டத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் வம்சாவளியினரும்தான் என்று ஏழைகளுக்கு வழக்காடும் லீகல் எய்ட் சொசைட்டி திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. தச்சர், சரக்கு இறக்குபவர், மேடை அமைப்பவர் எனக் கையில் கருவி வைத்துப் பிழைப்பவர்கள் இவர்கள். கத்தி வைத்திருப்போரின் உரிமைக்காக நிற்கும் அமைப்புகளும், ஏழைகளின் வழக்கறிஞர்களும், தொழிற்சங்கங்களும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான விஷயம் இது.

வழக்கு போன பாதை

ஓவியரும் கலைப்பொருள் வணிகரும், தோல்பொருளும் கத்தியும் விற்கும் ஒரு சிறு கடையும், நைஃப் ரைட்ஸ் என்ற அமைப்பும் சேர்ந்து 2011-இல் கூட்டரசின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சட்டம் தெளிவில்லாதது, எது குற்றம் என்று முன்கூட்டி அறிய வழியில்லை, ஆகவே அரசியலமைப்புக்கு விரோதம் என்பது வாதம். வழக்குப் போட இவர்களுக்குத் தகுதியே இல்லை என்று 2013-இல் தள்ளுபடி ஆனது. 2015-இல் இரண்டாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு தனிநபர்களுக்கும் கடைக்கும் தகுதி உண்டு என்று திருப்பி அனுப்பியது. விசாரணை நடந்து 2017 ஜனவரியில் நீதிபதி கேத்ரின் ஃபாரஸ்ட் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 2018 ஜூனில் மேல்முறையீட்டிலும் தோல்வி. சட்டத்தை முழுவதுமாகத் தாக்குகிறீர்கள், அப்படியானால் எந்தச் சூழ்நிலைக்குமே அது பொருந்தாது என்று காட்ட வேண்டும், காட்டவில்லை என்று முடித்தது நீதிமன்றம்.

சமையல்காரரின் வழக்கு இங்கேதான் வேறு பாதையில் போனது. அவர் சட்டம் முழுவதையும் வீழ்த்தக் கேட்கவில்லை. என் விஷயத்தில் இதைப் பயன்படுத்திய விதம் செல்லாது என்று மட்டும் கேட்டார். 2019 மார்ச்சில் நீதிபதி பால் க்ராட்டி அதை ஏற்றுக்கொண்டார். எத்தனை தடவை உதறினால் எத்தனை தடவை திறக்க வேண்டும் என்று சொல்லாத சட்டத்தை வைத்து, பலமுறை முயன்று திறந்த கத்திக்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பது சாரம். இரண்டு வழக்கிலும் சட்டம் ஒன்று, உதறல் சோதனையும் ஒன்று, நடந்த அநியாயமும் ஏறத்தாழ ஒன்றுதான். கேட்ட கேள்வியின் அகலம் வேறாக இருந்தது, முடிவும் வேறானது. வழக்கறிஞர் ஒருவரிடம் போய் உட்காரும் நிலை யாருக்காவது வந்தால் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டமன்றப் பக்கம் கதை இன்னும் இழுத்தது. தடையை நீக்கும் மசோதாக்களை 2016-லும் 2017-லும் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோ வீட்டோ செய்தார். 2019 மே 30 அன்று கையெழுத்திட்டார். கிராவிட்டி கத்தி நியூயார்க்கின் தடைப் பட்டியலிலிருந்து போனது.

போனது ஒன்று, இருப்பது பல

இங்கேதான் பலரும் தவறிப் போகிறார்கள். 'நியூயார்க்கில் கத்திச் சட்டம் நீங்கிவிட்டது' என்று கேள்விப்பட்டு நிம்மதியாகப் பாக்கெட்டில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். நீங்கியது கிராவிட்டி கத்தி என்ற ஒரு வகை மட்டும். பட்டன் கத்தி மாநிலச் சட்டத்தில் தடையாகவே தொடர்ந்தது. அதைவிட முக்கியம், நியூயார்க் நகரத்துக்கென்று தனிச் சட்டம் இருப்பது. நகர நிர்வாகச் சட்டத்தின் 10-133 பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. பொது இடத்தில் 4 அங்குலமோ அதற்கு மேலோ நீளமான அலகுள்ள கத்தி கூடாது. அடுத்ததைத்தான் யாரும் அறிவதில்லை: அலகு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கத்தியை உடைக்கு வெளியே தெரியும்படி வைத்திருக்கக் கூடாது. வேலைக்குத் தேவையாக இருப்பது, மீன்பிடிக்கவோ வேட்டைக்கோ முகாமுக்கோ போவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மீறினால் 300 டாலர் வரை அபராதம், 15 நாள் வரை சிறை.

ஓவியரையும் சமையல்காரரையும் காட்டிக்கொடுத்தது கிளிப் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். கிராவிட்டி கத்திச் சட்டம் போன பிறகும், பாக்கெட் ஓரத்தில் மின்னும் கிளிப் நகரச் சட்டத்தின்படி உங்களை நிறுத்த ஒரு காரணமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் நிலைமை தலைகீழ். அங்கே உறையில் போடும் நிலையான அலகுள்ள கத்தியை ஒளித்து வைத்தால் குற்றம், இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிட்டால் குற்றமில்லை. சான் ஹோசேவிலிருந்து நியூயார்க்குக்கு வேலை மாறி வருபவருக்கு, அங்கே கற்ற ஒழுக்கமே இங்கே வினையாகும்.

சப்வே இன்னொரு தனி உலகம். சப்வேயை நடத்தும் எம்டிஏ-வின் நடத்தை விதி 1050.8, நிலையத்திலும் வண்டியிலும் ஆயுதம் கூடாது என்று சொல்லி, அதில் கிராவிட்டி கத்தி, பட்டன் கத்தி, பாக்ஸ் கட்டர் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அட்டைப்பெட்டி கிழிக்கும் பாக்ஸ் கட்டர்! கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்துவிட்டு அதைப் பாக்கெட்டில் மறந்து ரயில் ஏறும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள். வேலை முடிந்ததும் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆற்றின் இந்தப் பக்கம்

நியூ ஜெர்சிச் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. அங்குலக் கணக்கு இங்கே பெரிதாக இல்லை. காரணக் கணக்குதான். 2சி:39-3 பிரிவின்படி கிராவிட்டி கத்தி, பட்டன் கத்தி, குத்துவாள் வகைகளான டாகர், டர்க், ஸ்டிலெட்டோ ஆகியவற்றை 'விளக்கிச் சொல்லக்கூடிய சட்டபூர்வமான நோக்கம்' இல்லாமல் வைத்திருந்தால் நான்காம் நிலைக் குற்றம், 18 மாதம் வரை சிறை. கவனியுங்கள்: நியூயார்க் 2019-இல் தூக்கி எறிந்த அதே வகை, ஈர்ப்பு விசை, மையவிலக்கு விசை என்ற அதே வார்த்தைகளோடு நியூ ஜெர்சிச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. முன்பு மன்ஹாட்டனுக்குப் போகும்போது பயந்தவர், இப்போது மன்ஹாட்டனிலிருந்து வீடு திரும்பும்போதும் யோசிக்க வேண்டும்.

மற்ற எல்லாக் கத்திக்கும் 39-5(டி) பிரிவு. ஆயுதமாகப் பயன்படக்கூடிய எதையும், அதன் நியாயமான உபயோகத்துக்குத் 'தெள்ளத் தெளிவாகப் பொருந்தாத' சூழ்நிலையில் வைத்திருந்தால் குற்றம். பொருள் என்ன என்பதைவிட, எங்கே, எப்போது, எதற்கு என்பதுதான் கேள்வி. கோயில் விசேஷத்துக்குத் தேங்காய் உடைக்க, இளநீர் சீவ என்று கார் டிக்கியில் அரிவாள் எடுத்துப் போகிறோம். பகலில் தேங்காய் மூட்டையோடு, துணியில் சுற்றி டிக்கியில் இருக்கும் அரிவாளுக்கு விளக்கம் தேவைப்படாது. அதே அரிவாள் அடுத்த வாரம் நள்ளிரவில், மதுக்கடை வாசலில், டிரைவர் சீட்டுக்கடியில் கிடந்தால் விளக்கம் எடுபடாது. விசேஷம் முடிந்த அன்றே அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

இந்தப் பிரிவில்தான் நம்மவர்கள் மிக எளிதாகச் சிக்கக்கூடிய இடம் இருக்கிறது. போலீஸ் 'எதுக்கு இந்தக் கத்தி?' என்று கேட்டால் வாயில் முதலில் வருவது 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு சார்' என்ற பதில். ஊரில் அது பணிவான, நியாயமான பதில். நியூ ஜெர்சியில் அது கிட்டத்தட்டக் குற்ற ஒப்புதல்.

1990-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் கெல்லி என்ற வழக்கில் இதைத் தீர்மானமாகச் சொன்னது. முன்னாள் காதலனிடம் அடிபட்ட பெண் ஒருவர், அவன் மறுபடி தாக்கினால் தற்காத்துக்கொள்ளக் கார்ப்பெட் அறுக்கும் பிளேடை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவனை எதிர்கொண்டார், சண்டையில் அவனுக்கு வெட்டு விழுந்தது. தாக்குதல் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் பிளேடை எடுத்துச் சென்றதே 39-5(டி)-யின் கீழ் குற்றம் என்ற தண்டனை உச்ச நீதிமன்றத்திலும் நின்றது. ஆபத்து கண்முன் வந்த நொடியில் கைக்குக் கிடைத்ததை எடுப்பது வேறு, வரலாம் என்று முன்கூட்டியே ஆயுதமாக எடுத்துச் செல்வது வேறு என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணின் பயம் பொய்யல்ல. படிக்கும்போதே மனம் கனக்கிறது. சட்டம் அந்தப் பயத்தைக் காரணமாக ஏற்கவில்லை என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. வீட்டுக்குள் நிலைமை வேறு: 2017-இல் இன்னொரு வழக்கில், தன் வீட்டில் தற்காப்புக்காக மச்செட்டி என்ற நீண்ட வெட்டுக்கத்தி வைத்திருப்பவருக்கு அந்த உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நியூயார்க்கிலும் அந்தப் பதில் ஆபத்துதான். 1983-இல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் முன் வந்தது, ஒரு சிறுவனிடம் இருந்த ஸ்டேக் வெட்டும் மேஜைக் கத்தி. கத்தியின் வடிவம் மட்டுமல்ல, வைத்திருந்த சூழ்நிலையும் அது ஆயுதமா என்பதைத் தீர்மானிக்கலாம் என்றது நீதிமன்றம். பாதுகாப்புக்கு என்று அவன் சொன்னதே அவனுக்கு எதிராகப் போனது.

ஒரே கத்தி, ஒரே நெடுஞ்சாலை

மூன்றரை அங்குல அலகு, பூட்டிக்கொள்ளும் வகை, கட்டைவிரலால் திறப்பது, உதறினால் திறக்காதது. இப்படி ஒரு கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஐ-95 நெடுஞ்சாலையில் போவதாக வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியின் எடிசனில், வேலைக்கான கருவியென்றால் சிக்கல் இல்லை. நியூயார்க் நகரில் 4 அங்குலத்துக்குள் வருகிறது, வெளியே தெரியக் கூடாது. கனெக்டிகட்டில் வெட்டும் விளிம்பு 4 அங்குலத்துக்குக் குறைவு என்பதால் தப்பிக்கிறது. அங்கே பட்டன் கத்திக்கு வரம்பு ஒன்றரை அங்குலம்தான். பாஸ்டன் நகர எல்லைக்குள் நுழைந்ததும் நகரச் சட்டத்தின் வரம்பு இரண்டரை அங்குலம். வேலை, வேட்டை மாதிரி விலக்கு எதிலும் வராவிட்டால் பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் சட்டத்தை மீறியாயிற்று. இத்தனைக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் பட்டன் கத்தித் தடையையே, ஆயுதம் வைத்திருக்கும் அரசியலமைப்பு உரிமைக்கு முரண் என்று ரத்து செய்தது. செய்தித் தலைப்பில் தளர்ந்ததுபோல் தெரியும் மாநிலத்துக்குள்ளேயே இப்படி ஒரு நகர விதி.

தெற்கே திரும்பினால் டெலவேரில் மூன்று அங்குலம் வரை உள்ள, மடித்த நிலையில் இருக்கும் கத்திதான் 'சாதாரண பாக்கெட் கத்தி'. நம் மூன்றரை அங்குலத்தை ஒளித்து வைத்திருந்தால் கொடிய ஆயுதம்.

பென்சில்வேனியா இன்னும் விசித்திரம். 2022-இல் சட்டம் திருத்தி, 2023 ஜனவரி முதல் பட்டன் கத்தியையே மாநிலத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஃபிலடெல்ஃபியாவின் 10-820 விதி, நகரத் தெருவிலும் பொது இடத்திலும் வெட்டும் ஆயுதம் எதையுமே வைத்திருக்கக் கூடாது என்கிறது. கத்தி மாதிரி வெட்டும் விளிம்பு உள்ள, ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடிய எதுவும் அதில் அடங்கும். அங்குலக் கணக்கே இல்லை. தொழில் கருவிக்கு விலக்கு உண்டு, அதுவும் அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருக்கும்போது. குறைந்தது 300 டாலர் அபராதம், 90 நாள் வரை சிறை. நகர எல்லைக்கு வெளியே புறநகர் மாலில் வாங்கிய கத்தியோடு நகருக்குள் நடக்க முடியாது.

இவற்றில் எது எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. நீண்ட பயணம் போகுமுன் அந்தந்த மாநிலத்தோடு அந்தந்த நகரத்தின் இணையதளத்தில் இருக்கும் சட்ட வாசகத்தையும் பார்த்துவிடுங்கள். அரிசோனா போன்ற சில மாநிலங்கள், கத்தி விஷயத்தில் நகரங்கள் தனிச் சட்டம் போடக் கூடாது என்று 2010 முதல் தடுத்து வைத்திருக்கின்றன. வடகிழக்கில் அந்த வசதி நமக்கு இல்லை.

துப்பாக்கிக்கே உள்ள ஒரு பாதுகாப்பு கத்திக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986-இல் வந்த கூட்டரசுச் சட்டம், புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியைக் குண்டு எடுத்துவிட்டுப் பூட்டிவைத்து, நடுவில் உள்ள மாநிலங்கள் வழியே கொண்டுபோக அனுமதிக்கிறது. கத்திக்கும் அப்படி ஒரு வழி தரும் மசோதா காங்கிரசில் பலமுறை வந்தும் சட்டமாகவில்லை. சட்டமாகும் வரை என் யோசனை எளியது: கத்தி தேவையென்றால் அதைத் தொழில் கருவிகளோடு பெட்டியில் வைத்து டிக்கியில் பூட்டுங்கள். தேவையில்லை என்றால் வீட்டில் விட்டுவிடுங்கள்.

கூட்டரசுக் கட்டடங்களுக்குள் இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான பாக்கெட் கத்தி மட்டும் ஆயுதக் குற்றத்துக்குள் வராது. அதையும் வாசல் காவலர் உள்ளே விடாமல் போகலாம். கைரேகை கொடுக்கவோ கிரீன் கார்டு நேர்காணலுக்கோ போகும் நாளில் சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

போலீஸ் நிறுத்தினால்

கையைப் பாக்கெட்டுக்குள் விட வேண்டாம். கத்தி இருக்கிறதா என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், அவரே எடுக்கட்டும். எதற்கு என்றால், உண்மையான வேலை எதுவோ அதைச் சொல்லுங்கள். அப்படி ஒரு வேலை இல்லையென்றால், வழக்கறிஞர் இல்லாமல் பதில் சொல்ல விரும்பவில்லை என்று அமைதியாகச் சொல்லலாம். அது உங்கள் உரிமை. சோடித்துச் சொல்லும் காரணத்தைவிட மௌனம் எவ்வளவோ மேல்.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஓவியரின் வழக்கு, குறிப்பிட்ட காலம் வேறு வம்பில் சிக்காமல் இருந்தால் தானாகத் தள்ளுபடியாகும் முறையில் முடிந்தது. நியூயார்க்கில் இத்தகைய வழக்குகள் பல அப்படித்தான் முடியும், பதிவேடும் முத்திரையிட்டு மூடப்படும். ஆனால் குடியுரிமைக்கான என்-400 படிவம், தண்டனை பெற்றீர்களா என்பதோடு நிற்காமல், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றும் கேட்கிறது. தள்ளுபடியான வழக்கும், மூடிய பதிவும் அதில் அடங்கும். கைதை மறைத்தால் கத்தியைவிடப் பெரிய பிரச்சினை. எனவே கத்திக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் குற்றவியல் வழக்கறிஞரோடு குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் பேசுங்கள். வழக்கு முடிந்த வாரமே நீதிமன்ற கிளார்க் அலுவலகத்துக்குப் போய், வழக்கின் முடிவைக் காட்டும் சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்பொசிஷனை முத்திரையோடு இரண்டு மூன்று பிரதிகள் வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.